கண்ணில் ஒற்றிக் கொடுத்த பல்பு

சேகர்,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத்தான் உனக்குத் தோன்றும். கிழிக்காதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் கிழிப்பதற்கு முன்னால் இதை மட்டும் படித்துவிடு. நீ வீட்டைவிட்டுப் போன அன்று நான் கொடுத்த இரண்டு ஹெட்லைட் பல்பு வண்டியின் டேஷ்போர்டில் இருக்கிறதே, அதைப் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் கழற்றித் தூக்கி எறி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேவதியை உட்காரவைத்து அவள் அம்மா வீட்டுக்கு வண்டியை எடுப்பதற்கு முன்னால் எறி. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மீதியை நீ படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. இல்லை, பொய் சொல்கிறேன். மீதியையும் படி. கெஞ்சிக் கேட்கிறேன்.

போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். என் நம்பரைத்தான் நீ தடுத்து வைத்திருக்கிறாயே. இன்று காலை உன் வீட்டு ஓனர் அம்மா நம்பருக்கு அடித்தேன். அவசரம், சேகரைக் கூப்பிடுங்கள் என்றேன். "அலோ" என்று உன் குரல் கேட்டது. எட்டு மாதம் கழித்துக் கேட்கிறேன். "நைனா பேசறேன்" என்று மட்டும்தான் சொன்னேன், வைத்துவிட்டாய். மறுபடி அடித்தபோது அந்த அம்மாதான் எடுத்தார். "இன்னா பெரியவரே, உங்களால அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குத்தான் திட்டு. என் நம்பர அவருக்கு யாரு குடுத்ததுன்னு உங்க மவன் கத்திகினு கீறாரு. இனிமே பண்ணாதீங்க, புண்ணியமாப் போவும்" என்று அவரும் வைத்துவிட்டார். நல்லது செய்யலாம் என்று போனாலும் ரேவதிக்கு என்னால் திட்டுதான் கிடைக்கிறது.

நேரில் வந்து சொல்லலாம். செங்கல்பட்டிலிருந்து ஊரப்பாக்கம் என்ன லண்டனா, எலெக்ட்ரிக் ரயிலில் ஏறினால் அரை மணி. வரத்தான் போகிறேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் என்ன பேசும் என்று எனக்கே தெரியாது. வாயாலேயே கெட்டவன் நான். எழுதும்போது தப்பாக வந்தால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இந்தப் பக்கத்திலேயே எத்தனை அடித்தல் என்று பார். அதனால்தான் வியாழக்கிழமை மத்தியானம், சோறு வடிக்காமல், நீ பரீட்சைக்குப் படித்த அதே மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரேவதியைக் கோபித்துக்கொள்ளாதே. செவ்வாய்க்கிழமை அவள்தான் அந்த ஓனர் அம்மா போனிலிருந்து எனக்கு அடித்தாள். "மாமா, நான் ரேவதி" என்று மெதுவாகப் பேசினாள். "வெள்ளிக்கிழம எனக்கு வளகாப்பு மாமா. ஏழாம் மாசம். அவருக்குத் தெரியாமத்தான் சொல்றேன். உங்களுக்குத் தெரியாம செய்யறதுக்கு எனக்கு மனசு வரல." நான் தாத்தாவாகப் போகிறேன் என்பதை ஏழாம் மாதத்தில், திருட்டுத்தனமாக, யாரோ ஒருவர் போனில் கேட்கிறேன். எனக்குச் சந்தோஷம்தான். உடம்பு எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கலாம். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "வண்டியில வெளக்கு ஒழுங்கா எரியுதா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "ரைட் சைடு போன வாரம் போயிடுச்சு மாமா. பரவால்ல, நீங்க கண்ணுல ஒத்திக் குடுத்த பல்பு டேஷ்போர்டுல அப்டியே கீது. வெள்ளிக்கிழம எங்கம்மா வூட்டுக்குப் போவச்சொல்ல அதையே மாட்டிக்கலாம்னு நான்தான் அவர்கிட்ட சொல்லி வச்சிகீறேன். உங்க ஆசீர்வாதமும் கூட வந்த மாதிரி இருக்கும்." நான் "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடியும் விளக்கு போய்விட்டதா, நான் அன்றே சொன்னேனே என்று அந்த நேரத்திலும் ஓர் அற்ப மனம் எனக்குள் தலையாட்டியது. அந்த மனதோடுதான் நேற்று, புதன்கிழமை, திருக்கழுக்குன்றம் ரோட்டில் காதர் பாய் கடைக்குப் போனேன். நம் வண்டிக்கு முதல் நாளிலிருந்து ஒயரிங் வேலை பார்க்கிற மனிதர், அவரிடம் புலம்பலாம் என்றுதான் போனேன். அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் பழையதைக் கொஞ்சம் கிளற வேண்டும். பொறுத்துக்கொள்.

உன் அப்பன் பிழைப்பு என்ன என்று உனக்குத் தெரியும். பத்திரப் பதிவு ஆபீஸில் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி ரிஜிஸ்டரில் அழுத்தியவன். அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயி விரலா, கடலோரத்தில் வலை இழுக்கிறவர் விரலா என்று தொட்டுப் பார்த்தே சொல்வேன். என்னுடைய வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது. உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, நல்ல வெயில், டேபிள் ஃபேன் ஓடவில்லை. கூண்டைக் கழற்றி நான் நோண்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று சுற்றிவிட்டது. மூன்று தையல். நீதான் அழுதாய். உன் அம்மா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை, ரத்தத்தைப் பார்த்ததும் நானும் போய்விடுவேன் என்று பயந்துவிட்டாய். அந்தத் தழும்பு ரேகையை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். மையில் வைத்து ஒற்றினால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழும்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எது புதிதாகக் கைக்கு வந்தாலும் இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஆபீஸில் புது மைத்தட்டு வந்தால் ஒற்றிக்கொள்வேன். உன் மார்க்‌ஷீட், உன் லைசென்ஸ், வண்டியின் ஆர்சி புத்தகம், எதையும் விட்டதில்லை. எனக்கு மந்திரம் தெரியாது, பாட்டுத் தெரியாது, தெரிந்த கும்பிடு அது ஒன்றுதான். நீ சொந்தமாக மஞ்சள் போர்டு கார் எடுத்து மாமல்லபுரத்துக்கு டூரிஸ்டுகளை ஓட்ட ஆரம்பித்த பிறகு, வண்டிக்கு எந்தச் சாமான் வந்தாலும் முதலில் என் கைக்கு வந்துதான் போக வேண்டும். பல்பு வந்தால் பெட்டியைப் பிரித்து, பல்பை வெளியே எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, கட்டைவிரலில் விபூதி தொட்டு அதன் கண்ணாடி நெற்றியில் ஓர் அழுத்து அழுத்தித்தான் உன்னிடம் தருவேன். நீயும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாய். "பல்புக்கும் பூசறியா நைனா, நடத்து" என்பாய்.

அந்தப் பல்புகள் எப்படிப் போயின என்று ஞாபகம் இருக்கிறதா? முதலில் போனதற்கு நீதான் காரணம். ரோடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று கம்பெனி போட்டதைவிட இரண்டு பங்கு வாட்ஸ் உள்ள பல்பை வாங்கி மாட்டினாய். ஹோல்டரே உருகி ஒட்டிக்கொண்டது. "அது தாங்கற அளவுக்குத்தான் தம்பி போடணும்" என்று பாய் ஹோல்டரை மாற்றிக் கொடுத்தார். அப்புறம் எர்த் ஒயர். தினமும் கடற்கரை ரோட்டில் ஓடுகிற வண்டி, உப்புக் காற்று, பாடியோடு ஒயரை முடுக்கும் இடம் பச்சை பூத்துப் பொடியாகிவிட்டது. ஹெட்லைட் ஒருமுறை மங்கி ஒருமுறை பளிச்சென்று எரிந்தது. அதையும் சுரண்டிச் சுத்தம் செய்தார். அப்புறம் சார்ஜ் அளவுக்கு மேல் ஏறுகிறது என்று ரெகுலேட்டரை மாற்றினார். அப்புறமும் பல்பு போய்க்கொண்டேதான் இருந்தது. பாய் கடையில் அவர் கையால் மாட்டினால் மாதக்கணக்கில் நிற்கும். வீட்டு வாசலில் நீ மாட்டினால் இரண்டு வாரத்தில் போய்விடும். உன் கைராசி அப்படி என்று நான் கேலி செய்வேன்.

ஒரே ஒரு தடவை பாய் என்னிடம் நேரடியாகச் சொன்னார். நீ அன்று சவாரியில் இருந்தாய், நான் மட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். "சார், பல்புல கண்ணாடிய மட்டும் கையால தொடாதீங்க. விபூதியும் வேணாமே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏன் பாய், எங்க சாமி விபூதி பட்டா உங்க பல்பு எரியாதா?" என்று கேட்டேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பாய் முகம் சின்னதாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் அதை மறந்துவிட்டேன். மறக்கவில்லை, மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

இனி உன் கல்யாணக் கதைக்கு வருகிறேன். கடற்கரைப் பக்கம் அந்த மண்டபத்தில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சாயங்காலம் நம் வண்டியிலேயே பெண் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தோம். கல்யாணத்துக்கு என்று நானே ஒரு ஜோடி புதுப் பல்பு வாங்கி, இருக்கிற விபூதியை எல்லாம் பூசி, முந்தின நாள் உன்னை மாட்டவைத்திருந்தேன். வழக்கத்தைவிட அழுத்தித்தான் ஒற்றியிருப்பேன், உன் அம்மா இருந்து செய்ய வேண்டியதை எல்லாம் நான் ஒருத்தனே செய்கிறேன் என்று ஒரு நினைப்பு. பொழுது சாய்ந்து லைட்டைப் போட்டோம். வீட்டுக்கு வந்து நிற்பதற்குள் வலது பக்கம் போய்விட்டது. ஆரத்தித் தட்டோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். நான் வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்து பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்: "வெளக்கேத்த வந்தவ வரச்சொல்லவே வெளக்கு போச்சே!" எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றுதான் அன்று நினைத்தேன். ரேவதி மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வார்த்தை நாக்கிலேயே குடியிருக்கும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு எந்த ஹெட்லைட் போனாலும் நான் முதலில் திரும்பிப் பார்த்தது அவளைத்தான். சில நாள் வாய்விட்டுச் சொல்வேன், சில நாள் சொல்ல மாட்டேன், ஆனால் பார்ப்பேன். உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் பால் வாங்கிக்கொண்டு வருகிறேன். அவள் வண்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, பழைய பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து, மங்கிப்போன ஹெட்லைட் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நல்லா தெரியுதா மாமா?" என்று கேட்டாள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். நான், "மேல தேச்சா ராசி போயிடுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே போயிருப்பாய்.

அந்த விபத்து நாளைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் மாமல்லபுரம் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தீர்கள். முந்தின வாரம்தான் நான் புதுப் பல்பை ஒற்றிக் கொடுத்து, நீ வாசலில் வைத்து மாட்டியிருந்தாய். இருட்டுகிற நேரத்தில் வலது பக்கம் போய்விட்டது. இடது பக்கம் மட்டும் எரிந்தால் எதிரே வருகிறவனுக்கு என்ன தெரியும்? ஓரமாக ஒரு பைக் வருகிறது என்றுதான் தெரியும். டிப்பர் லாரிக்காரன் அப்படித்தான் நினைத்து அவன் வழியை விட்டு நடுவில் வந்துவிட்டான். நீ ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினாய். உன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் போனது, அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால் நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன்?

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் வெளியே உன் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "இவ வந்த நாள்லேர்ந்து இந்த வண்டில ஒரு வெளக்கு ஒழுங்கா நிக்கல. இன்னிக்கு உன் உசுரயே கொண்டுகினு போயிருப்பா." கதவு திறந்துதான் இருந்தது, அவள் காதிலும் விழுந்தது. நீ என் கையைத் தட்டிவிட்டு, "வாய மூடு நைனா" என்றாய். பிறந்ததிலிருந்து நீ என்னை எதிர்த்துப் பேசிய ஒரே வார்த்தை அது. நியாயமான வார்த்தை, கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஆறாம் நாள் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, திமிர். அதற்குப் பதிலாகப் பூஜை அலமாரியில் இருந்த கடைசி ஜோடி பல்பை எடுத்தேன். ஒற்றினேன், விபூதி வைத்து அழுத்தினேன், பெட்டியில் போட்டு நீட்டினேன். நீ வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ரேவதிதான் மாவுக்கட்டு போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு மறு கையால் வாங்கினாள். வாங்கி அவளும் அந்தப் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைத்தான் அவள் எட்டு மாதமாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதைத்தான் வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து போகும் வண்டியில், அதே ரோட்டில், மாட்டச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது நேற்று நடந்தது. "பாய், மறுபடியும் போயிடுச்சாம். நான் சொன்னா யார் கேக்கறாங்க?" என்று ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். போன பல்புகளை அதில் போட்டு வைத்திருக்கிறார். துணியில் சுற்றியிருந்த ஒன்றைப் பிரித்து எடுத்தார். "ஆக்சிடென்ட் வண்டில நான் கழட்டுனது சார். ரைட் சைடு. கண்ணாடியப் போட்டுகினு நல்லாப் பாருங்க" என்றார். பல்பின் கண்ணாடி ஒரு பக்கம் கொப்புளம் மாதிரி உப்பிப் போய், ஓரத்தில் விண்டிருந்தது. அந்த உப்பலின் மேல் வெள்ளையாக ஒரு கறை. துடைத்தேன், போகவில்லை. கண்ணாடியோடு வெந்து போயிருந்தது. நீள்வட்டமாக இருந்தது. நடுவில் குறுக்கே ஒரு கோடு.

"நீங்க எத்தினி பேருக்குக் கைநாட்டு எடுத்துகீறீங்க. இது யாருதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார் பாய். என் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அது சாதாக் கண்ணாடி இல்ல சார். எரியச்சொல்ல தோசக்கல்ல விட சூடு ஏறும். விரல்ல இருக்கற எண்ணெப் பிசுக்கு, வேர்வ, அதும்மேல நீங்க வச்ச விபூதி, அந்த எடம் மட்டும் சூடு தாங்காம உப்பிக்கும். ரெண்டு நாளோ ரெண்டு வாரமோ, எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது." ஏன் பாய் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். "ஒரு தபா சொன்னேனே சார். நீங்க சாமியக் கொண்டாந்துட்டீங்க. திரும்பச் சொன்னா பாய் விபூதியத் துடைக்கச் சொல்றான்னு ஆவும். அதான் நம்ம கடைக்கு வந்தா, தம்பி டீ குடிக்கப் போன கேப்புல ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு மாட்டுவேன். ஒவ்வொரு தபாவும் உங்க சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுகினுதான் துடைப்பேன். தம்பிகிட்டயாவது சொல்லி இருக்கணும், தப்புதான்" என்று அவர் கண் கலங்கினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், அழுதவர் அவர். அவர் துடைத்தது எல்லாம் நின்றது. அவர் கை படாமல் நேராக உன் கைக்கு வந்தது எல்லாம் போனது. உன் கைராசி இல்லை சேகர். அவள் ராசியும் இல்லை. என் கைதான். இரண்டு வருடமாக என் கையாலேயே விளக்கைக் கெடுத்து உன்னிடம் கொடுத்துவிட்டு, அவள்மேல் பழியைப் போட்டேன்.

நேற்றிலிருந்து நான் சாப்பிடவில்லை. இரக்கம் வரட்டும் என்று எழுதவில்லை, கையைப் பார்த்தால் சோற்றில் வைக்கப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் உன்னைத் தூக்கிய கை, உன் அம்மாவுக்குக் கடைசியாக வாயில் பால் ஊற்றிய கை. அன்பாகத்தான் தொட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம். டிப்பர் முன்னால் அது என்ன பதில்? நீ தகப்பனாகப் போகிறாய். உனக்குப் புத்தி சொல்லும் தகுதி போய்விட்டது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு விளக்கு திரும்பத் திரும்பப் போனால், ஏன் போகிறது என்று கேள். நானும் கேட்டவன்தான். பதிலை முன்னாலேயே முடிவு செய்து வைத்துக்கொண்டு கேட்டேன். அது கேள்வியே இல்லை. தெரிந்தவர் ஒருவர் உனக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னால், அவர் யார் என்று பார்த்து வாயை அடைக்காதே. உன் பிள்ளையை எப்படி வேண்டுமானாலும் கொஞ்சு, ஆனால் எங்கே தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு தொடு.

ரேவதிக்குத் தனியாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. இதை நீ படித்த பிறகு அவளிடம் கொடு. அம்மா ரேவதி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்லைட் நன்றாகத்தான் தெரிந்தது. அவ்வளவு பளிச்சென்று அது புதுசில்கூட இருந்ததில்லை. அதை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ வந்ததால் இந்த வீட்டில் எந்த விளக்கும் போகவில்லை. இருந்த ஒரு விளக்கும் நீ போனபோதுதான் போனது. என்னை மன்னி என்று கேட்க மாட்டேன், அது உன் இஷ்டம். நான் கொடுத்ததை மட்டும் எறிந்துவிடு. அதில் ஆசீர்வாதம் இல்லையம்மா, பிசுக்குதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், ஒரு ஜோடி பல்பு. பாய் கடையில் வாங்கினேன், சீல் பிரிக்கவில்லை. பழக்க தோஷம், வாங்கியதும் கை கண்ணுக்குப் போய்விட்டது. அட்டைப் பெட்டியை மட்டும்தான் ஒற்றிக்கொண்டேன், அதில் தப்பில்லை என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே, இன்ஜின் ஆறிய பிறகு மாட்டு. அடிப்பக்கம் தகரத்தை மட்டும் பிடி, கண்ணாடியில் விரல் படக் கூடாது. பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடை. ஒன்று போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்று. பின்னால் உள்ள ரப்பர் மூடியை நன்றாக அழுத்து, கடற்கரைப் பக்கம் போகிறாய், ஈரம் உள்ளே போகும். எர்த் ஒயரை ஒருதரம் அசைத்துப் பார்.

காலை முதல் ரயிலில் வருகிறேன். கதவைத் திறப்பவர் யாரோ அவர் கையில் இதைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கிவிடுவேன். வளைகாப்பு வீட்டில் வந்து நிற்கமாட்டேன், யாரும் சங்கடப்பட வேண்டாம். உன் தெருமுனையில் ஏதாவது கடை இருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடவில்லை என்றாலும் சாயங்காலம்வரை இருப்பேன். வண்டி என்னைத் தாண்டிப் போகும்போது இரண்டு பக்கமும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். நிறுத்த வேண்டாம். கண்ணாடியை இறக்க வேண்டாம். மாட்டி முடித்ததும் சுவிட்சை மட்டும் நீ போடாதே சேகர். விளக்கை ரேவதி ஏற்றட்டும்.

நைனா